எது கட்டியது? நெடுநாள் டயாலிசிஸும் இதயக் கட்டிகளும்



இந்தச் சொற்பொழிவைத் தமிழில் நிகழ்த்த முடியுமா என்று அமைப்பாளர்கள் கேட்டபோது உடனே ஒப்புக்கொண்டேன். அதற்கு ஒரு சொல்தான் காரணம். "கட்டி" என்ற சொல். அந்தச் சொல் எனக்கு ஒரு நோயாளியின் மனைவி வழியாகப் பாடமாயிற்று.

சில ஆண்டுகளுக்கு முன்பு, ஐம்பதைத் தாண்டிய ஒருவரை எக்கோ எடுக்க என்னிடம் அனுப்பியிருந்தார்கள். அவர் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். எட்டு ஆண்டுகளாக டயாலிசிஸில் இருப்பவர். ஒரு நாள் காலையில் சட்டைப் பொத்தானைப் போடும்போது வலக்கை சோர்ந்துபோயிருக்கிறது. பேச்சும் குழறியிருக்கிறது. ஒரு மணி நேரத்துக்குள் இரண்டும் தாமாகவே சரியாகிவிட்டன. வந்து போனதுதானே என்று வீட்டிலேயே இருந்திருப்பார், மனைவி விடவில்லை. எக்கோவில் பார்த்தால், இடது பக்கத்து மைட்ரல் வால்வின் அடி வளையத்திலிருந்து ஒரு வெள்ளை நிழல் தொங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு துடிப்புக்கும் கோயில் மணியின் நாக்கைப் போல அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆடியது.

அறிக்கை எழுதி வெளியே வருவதற்குள் செய்தி எப்படியோ வெளியே போய்விட்டது. அந்த அம்மா எழுந்து நின்று கேட்டார்: "சார், இதயத்துல கட்டின்னு சொல்றாங்களே... அதுவா சார்?"

"அது" என்றால் எது என்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. புற்றுநோய் என்று வாயால் சொல்லவும் அஞ்சுகிறோம். அன்றைக்கு அவருக்கு நான் சரியான பதில் சொல்லவில்லை. "பார்க்கலாம்மா" என்றேன். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தக் கேள்விதான்.

யோசித்துப் பார்த்தால், தமிழில் கட்டி என்ற சொல் எதையும் முன்கூட்டியே தீர்ப்புச் சொல்வதில்லை. ரத்தம் கட்டும், சீழ் கட்டும், தாய்க்குப் பால் கட்டும், குழாயில் உப்பு கட்டும். ஓடவேண்டிய ஒன்று ஓடாமல் ஓரிடத்தில் நின்று இறுகிவிட்டது என்பதற்கு மேல் அந்தச் சொல்லில் எதுவுமில்லை. "எது கட்டியது?" என்பது அடுத்த கேள்வி. டயாலிசிஸில் பல ஆண்டுகள் கழித்தவரின் இதயத்தில் ஒரு நிழலைக் கண்டால் நாம் கேட்கவேண்டிய முதல் கேள்வியும் அதுதான் என்று சொல்லவே இன்று வந்திருக்கிறேன்.

முதலில் புற்று வளர்ச்சியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அச்சம் அங்கேதான் இருக்கிறது என்பதால். இதயத்திலேயே தோன்றும் கட்டிகள் மிக அரியவை. பிரேதப் பரிசோதனைத் தொகுப்புகளில் ஏறத்தாழ பத்தாயிரம் உடல்களுக்கு இரண்டு என்ற அளவில்தான் கண்டிருக்கிறார்கள். அவற்றிலும் பெரும்பாலானவை கேடற்றவை. மிக்சோமா என்ற வழவழப்பான கட்டிதான் பெரியவர்களிடம் அதிகம் காணப்படுவது; நான்கில் மூன்று இடது மேலறையில், இரண்டு மேலறைகளுக்கும் நடுவிலுள்ள சுவரில் காம்பு ஊன்றி நிற்கும். 1954-இல் ஸ்டாக்ஹோமில் கிளாரன்ஸ் கிராஃபோர்ட் அதை முதன்முதலாக வெற்றிகரமாக அறுத்தெடுத்தார். வேறு உறுப்புகளின் புற்று இதயத்துக்குப் பரவுவது இதைவிடப் பல மடங்கு அதிகம்.

கிராஃபோர்டின் அந்த அறுவைக்கு முந்தைய ஆண்டுதான் ஸ்வீடனின் லுண்ட் நகரில் எட்லர் என்ற மருத்துவரும் ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும் துடிக்கும் இதயத்தின் மேல் கேளா ஒலியைப் பாய்ச்சிப் பார்த்தார்கள். கப்பல் தளத்தில் உலோகத் தகடுகளில் விரிசல் இருக்கிறதா என்று தேடும் கருவியை இரவல் வாங்கித்தான் தொடங்கினார்கள். எக்கோ பிறந்த கதை இது. விரிசல் தேடும் கருவிக்கு "இங்கே ஏதோ இருக்கிறது" என்று சொல்லத் தெரியும். இருப்பது எதனால் ஆனது என்று சொல்லத் தெரியாது. எழுபது ஆண்டுகளில் எக்கோ எவ்வளவோ முன்னேறியும் அந்த அடிப்படைக் குணம் மாறவில்லை. ரத்தக்கட்டியும் மிக்சோமாவும் சுண்ணாம்புக் கட்டியும் திரையில் ஒன்றுக்கொன்று அண்ணன் தம்பியாகத் தெரியும் நாள்கள் உண்டு.

இனி டயாலிசிஸுக்கு வருவோம். நெதர்லாந்தின் காம்பென் நகரில், போர்க்காலத்தில், 1943-இல் வில்லெம் கோல்ஃப் சுழலும் உருளையில் செயற்கைச் சிறுநீரகத்தைச் செய்தார். ஆனால் ஒருவரை ஆண்டுக்கணக்கில் வாழவைக்க அது உதவவில்லை. ஒவ்வொரு முறையும் ரத்தக் குழாயை அறுத்துத் திறக்கவேண்டும். சில தடவைக்குப் பிறகு குத்த இடமே இருக்காது. 1960 மார்ச்சில் சியாட்டிலில் பெல்டிங் ஸ்கிரிப்னர் கையிலேயே நிலையாக இருக்கும் டெஃப்லான் குழாயைப் பொருத்தினார். முதல் நோயாளி கிளைட் ஷீல்ட்ஸ். அவர் அதன்பின் 11 ஆண்டுகள் வாழ்ந்தார். அவரை இறுதியில் கொண்டுபோனது சிறுநீரகம் அல்ல, மாரடைப்பு. இதை மாணவர்களிடம் அடிக்கடி சொல்வேன். நெடுநாள் டயாலிசிஸின் வரலாற்றில் முதல் பக்கத்திலேயே இதயம் வந்துவிட்டது.

ஏன் அப்படி என்பதற்குக் கொஞ்சம் கணக்குப் போடவேண்டும். நல்ல சிறுநீரகம் வாரத்தில் 168 மணி நேரமும் வேலை செய்கிறது. டயாலிசிஸ் எந்திரம் வாரம் மூன்று முறை என்றால் 12 மணி நேரம். நம் நாட்டில் வாரம் இரண்டு முறையோடு நிறுத்திக்கொள்பவர்கள் ஏராளம். அவர்களுக்கு 8 மணி நேரம். யூரியா சின்ன மூலக்கூறு, சீக்கிரம் கழுவப்பட்டுவிடும். பாஸ்பரஸ் அப்படியல்ல. அது பெரும்பாலும் செல்களுக்குள்ளும் எலும்பிலும் இருக்கிறது. ரத்தத்துக்கு மெல்ல மெல்லத்தான் வெளியே வரும். சாதாரணச் சாப்பாட்டில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,000 மில்லிகிராம் பாஸ்பரஸ் உள்ளே போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 600 குடலில் உறிஞ்சப்பட்டால், வாரத்துக்கு 4,200. நான்கு மணி நேர டயாலிசிஸ் ஒன்று வெளியேற்றுவது 800 முதல் 1,000 வரை. மூன்று முறை செய்தாலும் ஒரு கிராமுக்கு மேல் மிச்சம். இரண்டே முறை என்றால் இரண்டு கிராமுக்கு மேல். அந்த மிச்சம் எங்கே போகும்?

நம் ஊர் போர்வெல் தண்ணீர் குழாயின் உள்ளே என்ன செய்யும் என்று எல்லோருக்கும் தெரியும். வீட்டில் கெய்சர் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். உடம்பிலும் அப்படித்தான் உப்பு கட்டுகிறது என்றுதான் நெடுங்காலம் நினைத்தோம். ஜெர்மனியில் ருடால்ஃப் விர்ச்சோ 1855-லேயே எலும்பிலிருந்து கரைந்த சுண்ணாம்பு வேறு உறுப்புகளில் படிவதைக் கண்டு எழுதியிருக்கிறார். சுண்ணாம்பு என்று நான் சொல்வது வெற்றிலைக்குத் தடவுவது அல்ல. கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த எலும்பின் உப்பு. ஆனால் குழாய் உவமை ஓரளவுக்குத்தான் பொருந்தும். இரும்புக் குழாய்க்கு உயிரில்லை. ரத்தக் குழாயின் சுவரில் இருக்கும் தசைச் செல்களோ, பாஸ்பேட் மிகுந்த சூழலில் தங்கள் தொழிலையே மாற்றிக்கொள்கின்றன. எலும்பு கட்டும் செல்களின் குணம் அவற்றுக்கு வந்துவிடுகிறது. படிவைத் தடுக்கும் காவல் புரதங்களும் சிறுநீரகம் கெட்டவர்களிடம் தளர்ந்துபோகின்றன. அதாவது சுண்ணாம்பு வந்து ஒட்டுவதோடு நிற்கவில்லை. உடம்பே அதை வைத்துக் கட்டடம் எழுப்புகிறது.

அந்தக் கட்டடத்துக்கு இதயத்தில் பிடித்த இடம் மைட்ரல் வால்வின் வளையம், குறிப்பாக அதன் பின்பகுதி. வாழ்நாளெல்லாம் ஒவ்வொரு துடிப்புக்கும் இழுபட்டு அழுத்தப்படும் இடம் அது. மற்றவர்களுக்கு எழுபது எண்பது வயதில் காண்பது டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு நாற்பதிலேயே தென்படும். 2000-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வை மறக்க முடியாது. டயாலிசிஸில் இருந்த இளைஞர்களின் இதய ரத்தக் குழாய்களை சி.டி.யில் பார்த்தார்கள். 20 முதல் 30 வயது வரையிலான 16 பேரில் 14 பேருக்குச் சுண்ணாம்பு படிந்திருந்தது. இருபது வயதுக்காரர்களின் இதயம்!

அவர்களில் சுண்ணாம்பு படிந்தவர்கள் மருந்தாக உட்கொண்ட கால்சியம் மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு. இங்கே மருத்துவர்களாகிய நாம் நம் பங்கை ஒப்புக்கொள்ளவேண்டும். பாஸ்பரஸைக் குடலிலேயே பிடித்து வைக்க முதலில் அலுமினிய மருந்து கொடுத்தோம். 1970-களில் அது மூளையையும் எலும்பையும் கெடுப்பது தெரிந்தது. அதை விட்டுக் கால்சிய மாத்திரைக்கு வந்தோம். அது குழாய்ச் சுவரில் போய்ச் சேர்ந்தது. கால்சியம் இல்லாத செவெலமர் போன்ற மருந்துகள் 1990-களின் இறுதியில்தான் வந்தன. அவற்றின் விலை நம் நோயாளிகளில் பலருக்கு இன்றும் எட்டவில்லை.

வளையத்தில் படிந்த சுண்ணாம்பு இரண்டு விதமாக நம்மை ஏமாற்றும்.

ஒன்று, உள்ளே குழைந்துபோவது. சுற்றிலும் கெட்டியான ஓடு. நடுவில் பற்பசை போன்ற வெள்ளைக் குழம்பு. எக்கோவில் உருண்டையாக, நடுவில் சற்று இருண்டு தெரியும். பார்த்த மாத்திரத்தில் புற்று என்றோ சீழ் என்றோ நினைக்கத் தோன்றும். அப்படி நினைத்து நெஞ்சைத் திறந்து பார்த்து, பற்பசையைக் கண்டு திகைத்த அறுவை மருத்துவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். பெரும்பாலும் இதைத் தொடவேண்டியதில்லை. சிலருக்குத் தானாகவே வடிந்துவிடுவதும் உண்டு. இப்படி ஒன்று உண்டு என்று தெரிந்துகொண்டாலே ஒரு வீணான அறுவையைத் தவிர்க்கலாம்.

மற்றொன்று, நான் தொடக்கத்தில் சொன்ன மணி நாக்கு. 1997-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ரெனால்ட்ஸும் உடன் பணியாற்றியவர்களும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் தங்களுக்குக் கிடைத்த 11 பேரின் கட்டிகளைத் தொகுத்து, "சுண்ணமேறிய உருவமற்ற கட்டி" என்ற பொருள்படும் பெயரைத் தந்தார்கள். நுண்ணோக்கியில் பார்த்தால் வளரும் செல்கள் எவையும் இல்லை. உறைந்து சிதைந்த ரத்தத்தின் எச்சம், நார்ப்புரதம், அவற்றுக்கு நடுவே சுண்ணாம்பு முடிச்சுகள், அவ்வளவுதான். டயாலிசிஸில் நீண்ட காலம் வாழ்பவர்கள் மிகுந்த ஜப்பானிலிருந்து 2010-இல் ஓர் அறுவைக் குழு, வளையச் சுண்ணாம்பிலிருந்து கிளம்பி ஊசலாடும் வகையைத் தனியே எடுத்துச் சொன்னது. இந்த வகையின் ஆபத்து அதன் வேகத்தில் இருக்கிறது. முந்தைய எக்கோவில் இல்லாதது சில மாதங்களில், சிலருக்குச் சில வாரங்களில், முளைத்து நிற்கும்.

புற்று இல்லை என்றால் ஆபத்து இல்லை என்று யாரும் வீட்டுக்குப் போய்விடக்கூடாது. ஆடுகிற சுண்ணாம்பு உடையும். உடைந்த துணுக்கு ரத்தத்தோடு மூளைக்குப் போனால் பக்கவாதம், கண்ணுக்குப் போனால் பார்வை இழப்பு. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி மருந்துக்குச் சுண்ணாம்பு சரியாகக் கரைவதும் இல்லை. பொத்தான் போட முடியாமல்போன அந்த ஒரு மணி நேரம் ஒரு முன்னறிவிப்பு.

இனி ரத்தம் கட்டுவது. இதற்கு நம் சூழலில் ஒரு முகவரி இருக்கிறது: கழுத்துக் குழாய். சிறுநீரகம் கெடுவது முன்பே தெரிந்திருந்தால் கையில் தமனியையும் சிரையையும் இணைக்கும் ஃபிஸ்டுலா போட்டு, அது பருத்துவரக் காத்திருந்து, நிதானமாக டயாலிசிஸ் தொடங்கலாம். 1966-இல் நியூயார்க்கில் சிமினோவும் பிரெஷியாவும் காட்டிய வழி அது. ஆனால் நம்மவர்களில் பலர் மூச்சுத் திணறி, முகம் வீங்கி, கிரியாட்டினின் எங்கோ ஏறிய நிலையில்தான் முதன்முதலாக மருத்துவமனைக்கு வருகிறார்கள். உயிரைக் காக்க உடனே கழுத்தில் குழாய் போடுகிறோம். இரண்டு மாதத்துக்கென்று போட்டது இரண்டு ஆண்டு நிற்கிறது. அதன் நுனி வலது மேலறையின் வாசலில் இருக்கும். துடிப்புக்குத் துடிப்பு சுவரை உரசும். உரசிய இடத்தில் ரத்தம் கட்டும். ஒவ்வொரு டயாலிசிஸிலும் ஹெப்பாரின் கொடுக்கிறோமே, எப்படிக் கட்டும் என்று மாணவர்கள் கேட்பார்கள். ஹெப்பாரின் சில மணி நேரத்துக்குத்தான். உரசல் நாள் முழுவதும்.

இந்தக் கட்டியை முதலில் உணர்பவர் மருத்துவர் அல்லர். "லைன் சரியா ஓடலை சார்" என்று சொல்லும் டெக்னீஷியன். டயாலிசிஸ் தொடங்கிச் சற்று நேரத்தில் நோயாளி நடுங்கினால் போர்வையைப் போட்டுவிட்டு உடனே தகவல் சொல்லும் செவிலியர். கழுத்துக் குழாய் உள்ளவருக்குக் குளிர்நடுக்கம் வந்தால், ரத்தத்தைக் கல்ச்சருக்கு அனுப்பாமல் காய்ச்சல் மாத்திரை மட்டும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பக்கூடாது. குழாய் வழியாக நுழையும் ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமி அந்த ரத்தக்கட்டியில் குடியேறும், வால்வுக்கும் போகும். சீழ் கட்டுவது என்று சொன்னேனே, அது இப்படித்தான் தொடங்குகிறது. சுண்ணாம்பு படிந்து கரடுமுரடான வளையம் கிருமிக்கு இன்னும் வசதி.

வலது மேலறையில் எதையாவது கண்டால் ஒரு தடவை வயிற்றையும் ஸ்கேன் செய்துவிடுங்கள். பல ஆண்டு டயாலிசிஸில் சுருங்கிய பழைய சிறுநீரகங்களில் நீர்ப்பைகள் தோன்றும். அவற்றில் சில புற்றாக மாறும். சிறுநீரகப் புற்றுக்கு ரத்தநாளம் வழியே கொடிபோல ஏறி, இதயம் வரை வந்து எட்டிப்பார்க்கும் குணம் உண்டு. அரிதுதான். ஆனாலும் அந்த அம்மா கேட்ட "அது" இந்த வழியாகவும் வரக்கூடும்.

சந்தேகம் இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுத்துவிடலாமே என்பார்கள். மற்றவர்களுக்கு அது சரி. டயாலிசிஸில் இருப்பவர்களுக்குப் பழைய வகைக் கடோலினியம் மருந்தைச் செலுத்தியதால் தோலும் மூட்டும் மரம்போல இறுகிப்போன கொடுமை நடந்திருக்கிறது. 2006-இல்தான் அந்தத் தொடர்பு வெளிப்பட்டது. இப்போதைய சில மருந்துகளில் அந்த ஆபத்து மிகக் குறைவு என்றாலும் தயக்கம் நியாயமானது. தவிர, சுண்ணாம்பை எம்.ஆர்.ஐ. சரியாகக் காட்டாது. சுண்ணாம்பா என்று அறிய மருந்தே செலுத்தாத எளிய சி.டி. போதும், பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். என் அனுபவத்தில் இவை எல்லாவற்றையும்விடப் பயன்படுவது செலவே இல்லாத ஒன்று: பழைய எக்கோ படம். அமெரிக்கச் சிறுநீரக அறக்கட்டளையின் வழிகாட்டுதல் 2005-லேயே டயாலிசிஸ் தொடங்கி உடல் எடை ஒரு நிலைக்கு வந்ததும் ஓர் எக்கோ, பிறகு மூன்றாண்டுக்கு ஒன்று என்று சொல்லியிருக்கிறது. அப்படி எடுத்ததைப் பத்திரப்படுத்துங்கள். எக்கோவுக்கு அனுப்பும் சீட்டில் "மூச்சுத் திணறல்" என்று ஒரு சொல் மட்டும் எழுதாதீர்கள். எத்தனை ஆண்டு டயாலிசிஸ், ஃபிஸ்டுலாவா குழாயா, பாஸ்பரஸும் பாராதைராய்டு ஹார்மோனும் எவ்வளவு என்று எழுதுங்கள். நிழலைப் படிப்பவருக்கு அதுதான் வெளிச்சம்.

ரத்தக்கட்டி என்று ஐயப்பட்டு வார்ஃபரின் தொடங்குவதிலும் எனக்குத் தயக்கம் உண்டு. தேவைப்படும் இடத்தில் தவிர்க்க முடியாது. ஆனால் அது வைட்டமின் கே-யைத் தடுக்கிறது. சுண்ணாம்பு படியாமல் காக்கும் புரதங்களில் ஒன்று அந்த வைட்டமினை நம்பித்தான் வேலை செய்கிறது. ரத்தம் கட்டாமல் இருக்கக் கொடுத்த மருந்து சுண்ணாம்பு கட்ட வழிவிடலாம். எது கட்டியது என்று தெளியாமல் மருந்துச் சீட்டில் கைவைக்கக்கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

அந்த நோயாளியின் கதையை முடிக்கிறேன். கழுத்துக் குழாய் இல்லை, ஃபிஸ்டுலா. காய்ச்சல் இல்லை. கல்ச்சரில் எதுவும் வளரவில்லை. சி.டி.யில் வளையமும் ஆடும் துண்டும் ஒரே வெள்ளை. மூன்றாண்டுக்கு முந்தைய எக்கோவை அந்த அம்மா ஒரு துணிப்பைக்குள் பத்திரமாக வைத்திருந்தார்; அதில் வளையத்தில் மட்டும் கொஞ்சம் சுண்ணாம்பு, தொங்கும் துண்டு இல்லை. ஒரு முறை எச்சரித்துவிட்ட கட்டியை விட்டுவைக்க மனம் வரவில்லை. அறுவை மருத்துவர் ஆடும் துண்டை மட்டும் எடுத்தார். வளையத்தைச் சுரண்டவில்லை. அதைச் சுரண்டப் போனால் மேலறையும் கீழறையும் சேரும் இடமே கிழிந்துவிடக்கூடும். எடுத்தது ஒரு சுண்டைக்காய் அளவு. நோய்க்கூற்றியல் பிரிவில் அதை நேரடியாகச் சீவ முடியவில்லை. அமிலத்தில் ஊறவைத்து இளக்கித்தான் சீவினார்கள்.

அறிக்கை வந்த அன்று அந்த அம்மாவிடம், "அது இல்லைம்மா, சுண்ணாம்பு" என்றேன். அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் மாணவர்கள் யாரும் கேட்காத கேள்வியைக் கேட்டார்: "அப்ப அது எங்கேர்ந்து வந்துச்சு சார்?"

மாத்திரைகளைக் கொண்டுவரச் சொல்லி ஒவ்வொன்றாக மேசையில் பரப்பினோம். கால்சிய மாத்திரை இருந்தது. எப்போது கொடுப்பீர்கள் என்றேன். "ராத்திரி படுக்கும்போது பாலோட சார். எலும்புக்குப் பலம்னு சொன்னாங்க." அந்த மாத்திரை சாப்பாட்டோடு சேர்ந்து போனால்தான் உணவிலுள்ள பாஸ்பரஸைப் பிடித்துக்கொண்டு வெளியேறும். சாப்பாடு இல்லாமல் போனால் உறிஞ்சப்பட்டு ரத்தத்தில் கால்சியத்தை ஏற்றும். பாலில் பாஸ்பரஸ் வேறு. ஆண்டுக்கணக்கில் தினமும் இரவு, அன்போடு, தவறாமல் கொடுத்துவந்திருக்கிறார். தவறு அவருடையது அல்ல. இந்த ஒரு வரியை எட்டு ஆண்டுகளில் யாரும் அவரிடம் உட்கார்ந்து சொல்லவில்லை. சீட்டில் எழுதிவிட்டோம், அவ்வளவுதான்.

மருந்தை மாற்றினோம், வாரம் இரண்டு முறையை மூன்றாக்க வழி தேடினோம், குளிர்பானமும் பாக்கெட் தின்பண்டமும் வேண்டாம் என்றோம், அவற்றில் சேர்க்கும் பாஸ்பேட் உப்பு அரிசி பருப்பில் இருப்பதைவிட எளிதாக உறிஞ்சப்படும் என்பதால். சில வாரம் கழித்து வேறு வேலையாக டயாலிசிஸ் பிரிவுக்குப் போயிருந்தேன். அவர் எந்திரத்தோடு இணைக்கப்பட்டு உட்கார்ந்திருந்தார். அந்த அம்மா டிபன் டப்பாவைத் திறந்தார். இட்லிக்குப் பக்கத்தில், சின்ன மூடி ஒன்றில், மாத்திரை. "முதல் வாயோட போட்டுக்குங்க" என்று எடுத்துக் கையில் கொடுத்தார்.